நீர்ப்பறவைகளும் கூட்டாராய்ச்சியும்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தைச் சூழ்ந்த ஏரிகளில், மாரி பொய்யாத ஆண்டுகளில் நாரையும் கொக்கும் உள்ளானும் வந்திறங்கக் காண்கிறோம். ஓராண்டு அவை அருகித் தோன்றினால், ஏரியில் நீரில்லை என்று கூறி அமைந்துவிடுகிறோம். அது மெய்யாயும் இருக்கலாம். ஆயின், அவை அயலூர் ஏரிக்குச் சென்றனவோ, வழியில் மாண்டனவோ, தொலைவடக்கே குஞ்சு பொரியாது ஒழிந்தனவோ என்பதை ஒரு கரையில் மட்டும் நின்று அறிதல் எங்ஙனம்?

நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அது குமரிவரை சென்று மீள்வதை அறிந்திருந்தார். நம் புலவர்க்கு இயற்கைநூல் தெரியாதென்பார் இதனை நோக்குக. அத்தகைய வழிகளை ஐயமற நாட்ட உதவியது, டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சன் 1899-இல் பறவைக்காலிற் பூட்டிய எண் பொறித்த அலுமினிய வளையமே. வளையமிட்ட பறவை பிறிதோரிடத்தில் அகப்படின், கண்டவர் எழுதும் கடிதமே சான்றாம். ஆகவே இவ்வாராய்ச்சி தொடக்கத்திலேயே பலர் கைப்பட்டது.

நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் இப்பணியைப் பெருமளவில் தொடங்கிற்று. மைசூர் நாட்டில் 1957-இல் வெளிப்பட்ட கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலுக்குரிய உண்ணிகளை வலசைப் பறவைகள் கொணர்கின்றனவோ என்பதே முதற் கேள்வி. நோயை நாடியவர் பறவை செல்லும் வழியையும் கண்டனர். பின்னர் நம் கோடியக்கரையும் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த நிலையமாயிற்று.

எண்ணுவோர் குறைவைக் காட்டுவர். காரணம் காட்ட இரசாயன நூலாரும் வேண்டும். கலிபோர்னியாக் கரையை அடுத்த அனகாப்பாத் தீவில், 1970-இல் கூழைக்கடாக்கள் 552 முறை கூடுகட்டியும் ஒரே குஞ்சு பிழைத்தது. தாய் அடைகாக்க அமர்ந்த அளவில் முட்டை நொறுங்கிற்று! டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து மீன்வழியே தாயுடலிற் புகுந்து முட்டையோட்டை மெலிவித்தது. பொருட்காட்சிச் சாலைகளில் பழைய முட்டையோடுகளைப் பேணி வைத்திருந்தமையாலன்றோ ஓடு மெலிந்ததை ஒப்பிட்டு அளக்க முடிந்தது! அமெரிக்கா 1972-இல் அம்மருந்தை விலக்கியபின் அப்பறவைகள் மீண்டும் பெருகின.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடைபெறுகிறது. பல நாட்டார் ஏறக்குறைய ஒரே காலத்தில் எண்ணுதலால், ஒரு பறவையையே ஈரிடத்தில் எண்ணும் பிழை குறைகிறது. எண்ணுவோரிற் பெரும்பாலார் கூலி பெறாத தொண்டரே. மாணவரும் இதிற் சேரலாம். பறவையின் பெயரும் தொகையும் மட்டுமன்றி, நீரின் நிலை, படர்ந்த ஆகாயத்தாமரை, கலக்கும் சாக்கடை, கரையை நெருக்கும் கட்டடம் ஆகியனவும் குறிக்கத்தக்கன. பறவை ஒன்றும் காணாத ஏரிக்கும் பூச்சியம் என்று எழுதியனுப்புதல் வேண்டும். எழுதாது விடின், அவ்வேரியை ஒருவரும் பார்க்கவில்லையென்றே கொள்ளப்படும். பறவைகள் அதனைவிட்டு நீங்கிய ஆண்டு எதுவென்று பின்னர் அறிய வழியிராது.