இடியில் பிறந்த வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'அஸ்டானிஷ்' என்னும் வினைச்சொல் இன்று பெரும்பாலும் வியக்கவைப்பதையே குறித்தாலும், அதன் வேர் வானத்து இடிமுழக்கத்தில் இருக்கிறது. இலத்தீனில் 'டொனாரே' என்றால் இடித்தல். வெளிநோக்கைக் காட்டும் 'எக்ஸ்' என்னும் முன்னொட்டு அதனோடு சேர்ந்து, மக்களின் பேச்சு வழக்கில் பிறந்ததாக மொழியியலாளர் மீட்டமைக்கும் சொல் பழைய பிரெஞ்சில் 'எஸ்டோனெர்' ஆயிற்று. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபின் அங்கே வேரூன்றிய பிரெஞ்சின் வழியாக அது ஆங்கிலத்துள் புகுந்தது. இடியைக் குறிக்கும் 'தண்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லும், பிரெஞ்சின் தடமின்றி, இந்த இலத்தீன் சொல் பிறந்த அதே தொல்வேரிலிருந்தே கிளைத்தது.

'தலையில் இடி விழுந்தாற்போல' என்று தமிழில் உவமையாகச் சொல்லப்படும் நிலையை அந்நாளைய ஆங்கிலம் இந்த ஒற்றை வினையிலேயே அடக்கியது. உணர்வற்று விழும்படி அடிப்பதும், உறுப்பு மரத்துப்போகச் செய்வதும் அதன் பொருளாக இருந்தன. 1599ஆம் ஆண்டளவில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் இறுதி அங்கம் இதற்குத் தெளிவான சான்று. வேல்ஸ் நாட்டினரின் அடையாளமான லீக்ஸ் பூண்டை இகழ்ந்த பிஸ்டல் என்பவனைத் தளபதி ஃப்ளூயெலன் தடியால் அடித்து, அந்தப் பூண்டையே தின்னவைக்கும்போது, உடனிருக்கும் மற்றொரு தளபதி போதும் என்று தடுத்து, அடிபட்டவன் நிலைகுலைந்துவிட்டதைச் சொல்ல இவ்வினையையே கையாளுகிறார். அங்கே வியப்புக்குச் சற்றும் இடமில்லை. இன்றைய பொருளை வைத்து அக்காட்சியைப் படிப்பவர் தடியடியின் வலியைத் தவறவிடுவார்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலோ, அரசனின் கனவைக் கேட்ட தானியேல் பேச்சற்றுத் திகைத்த நிலையை 'அஸ்டோனீட்' என்னும் பழைய வடிவம் குறிக்கிறது. 'ஃபினிஷ்', 'பனிஷ்' போன்ற பிரெஞ்சுவழி வினைகளின் ஈற்றைப் பின்பற்றி 16ஆம் நூற்றாண்டில் 'இஷ்' ஒட்டிக்கொண்ட புதிய வடிவமே நிலைத்தது. பழைய வடிவத்தின் இறந்தகால எச்சத்திலிருந்து 'அஸ்டவுண்ட்' என்னும் தனி வினையும் தோன்றியது.

காலப்போக்கில் அடியின் வலி உதிர்ந்து மனத்தின் அதிர்ச்சி மட்டும் எஞ்சியது. பிறகு அதுவும் மெலிந்து வியப்பாயிற்று. பிரெஞ்சின் 'எத்தோனே' என்னும் சொல்லும் இவ்வாறே தேய்ந்து, இன்று சாதாரண வியப்பையே சுட்டுகிறது. பழைய வன்மையை இழக்காதது, அதே பிரெஞ்சுச் சொல்லின் முதல் உயிரெழுத்து மறைந்து உருவானதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 'ஸ்டன்' மட்டுமே: பேரழகைப் புகழவும் அது பயன்படுகிறது, இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதற்குமுன் விலங்கை உணர்விழக்கச் செய்வதற்கும் அதுவே பெயர்.