கையெழுத்துக்குக் காத்திருந்த பணம்

சென்ற வாரம் குன்றத்தூர், படப்பை பக்கத்து லைன் வீடுகளில் வாழும் வெளிமாநிலக் குடும்பங்களைப் பார்த்தோம். கணவன் ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட், மனைவிக்குக் கட்டட வேலை, வாடகை ஏறினால் வேறு ஊர். இந்த வாரம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சேரும் பள்ளிக்கூடம்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை. பிள்ளை அக்டோபரில் வந்து நிற்கும். கையில் டி.சி. இருக்காது, சில நேரம் பிறப்புச் சான்றிதழும் இருக்காது. வயதுச் சான்று இல்லை, வருடம் பாதி போய்விட்டது என்றெல்லாம் சொல்லி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளியின் கதவைச் சட்டம் திறந்துவிடுகிறது. ஆனால் சேர்த்த பிறகு நடக்க வேண்டியதற்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் வரும் வழியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வகுப்பு ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியர், வட்டார வள மையத்து பிசியோதெரபிஸ்ட், படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே போய்த் தரும் பயிற்சி இவையெல்லாம் ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தின் கணக்கு. 2018இல் மூன்று பழைய திட்டங்களை இணைத்து உருவாக்கியது. நூறு ரூபாயில் அறுபது மத்திய அரசு, நாற்பது மாநில அரசு. மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது அதன் விதி. மாதத்துக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதுவும் நின்றுபோனால்?

நின்றது. 2024-25க்குத் தமிழ்நாட்டின் திட்ட மதிப்பு 3,586 கோடி ரூபாய். மத்திய அரசின் பங்கு 2,152 கோடி. முதல் தவணையான 573 கோடியே வரவில்லை என்று 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காரணம் வேறொரு திட்டம். 2022இல் வந்த ‘பி.எம். ஸ்ரீ’, நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரியாக்குவதற்கானது. அதன் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்று மாநிலம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் சமக்ர சிக்ஷா பணமும்.

தமிழ்நாட்டு அரசும் இதில் தடுமாறாமல் இல்லை. 2024 மார்ச்சில் கையெழுத்திடத் தயார் என்று தலைமைச் செயலர் கடிதம் அனுப்பினார். ஜூலையில் கல்விக் கொள்கை வரியை நீக்கிய ஒப்பந்தம் போனது. இந்தத் தேதிகளை வைத்து டெல்லியும் சென்னையும் மாறி மாறிப் பேசியதில் ஒரு கல்வியாண்டே முடிந்துவிட்டது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்தக் கல்விக் கொள்கையின் ஆறாவது அத்தியாயமே எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றியது. அதை ஏற்றுக்கொள்ள வைப்பதற்காக நிறுத்திய பணத்திலோ சிறப்பாசிரியரின் சம்பளம் இருக்கிறது! மாநிலம் தன் கையிலிருந்து கொடுத்துச் சமாளித்தாலும், 2024 செப்டம்பர் சம்பளம் திட்டப் பணியாளர்களுக்கு உரிய நாளில் போய்ச் சேரவில்லை. நிரந்தர ஆசிரியருக்கு அந்தக் கவலை இல்லை. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலம் தொட்டுச் சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்திலேயே வைத்திருந்தது யார் என்ற கேள்வியைச் சென்னைக்கும் சேர்த்தேதான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே பிடி வேறு திசையில் இறுகியது. பன்முகத்தன்மைத் திட்டங்களை 14 நாளில் கைவிடாவிட்டால் கூட்டாட்சி நிதி போய்விடும் என்று 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசின் கல்வித்துறை பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியது. அங்கே பள்ளிச் செலவில் கூட்டாட்சியின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். ஏப்ரலிலேயே நீதிமன்றங்கள் தடை போட்டன.

நம் ஊரில் கல்விக் கொள்கைச் சண்டை முழுக்க இருமொழியா மும்மொழியா என்றே நடந்தது. ஒரகடம் பக்கத்து வகுப்பறையில் ஒடியா பேசும் பிள்ளைக்கு இரண்டு கட்சியிலும் இடமில்லை. ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்கலாம் என்கிறது தேசியக் கொள்கை. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு அந்த ஒடியா ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதற்கு அதில் பதில் இல்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்குகிறது. அது நல்லதுதான், தெருவில் விளையாடிப் பழகவாவது பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். ஆனால் சட்டத்தால் மட்டும் அந்தப் பிள்ளைக்கு அ, ஆ வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும், அவருக்கும் சமக்ர சிக்ஷாவில்தான் வழி.

2025 மார்ச்சில் திக்விஜய சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, கையெழுத்திடாத மாநிலங்களுக்கும் பணத்தை விடுவிக்கச் சொன்னது. மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்களுக்குரிய தொகையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அந்தத் தொகை மட்டும் வந்து சேர, தமிழ்நாட்டில் 25 சதவீதச் சேர்க்கை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் வகுப்புகள் நடக்கத் தொடங்கி நான்கு மாதம் ஓடியிருந்தது. ஆகவே எல்.கே.ஜி.யிலும் ஒன்றாம் வகுப்பிலும் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களை எடுத்து, கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூனில் கட்டணம் கட்ட முடியாமல் விலகிப்போன குடும்பங்களுக்காகத்தான் சட்டமே வந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருக்க வழியே இல்லை.