கொழுந்து கொடுத்து வாங்கிய எண்ணெய்

2022 ஆகஸ்ட் மாதம், எரிபொருள் தட்டுப்பாட்டின் நடுவில், பண்டாரவளையில் ஒரு பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை, கேன்கள் நின்றன. மஞ்சள், வெள்ளை, நீலம், மூடி தொலைந்து பொலித்தீனால் வாய் கட்டியது என்று அத்தனை கேன்களின் கைப்பிடிக்குள்ளும் ஒரே நைலோன் கயிறு ஓடியது. இடையில் யாராவது ஒன்றைச் செருகினால் கயிறு காட்டிக்கொடுத்துவிடும். நுனியைப் பிடித்தபடி கடைப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், “தம்பி, பவுசர் பெரகலயத் தாண்டிருச்சாமே, மெய்தானா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவர் காத்திருந்தது மண்ணெண்ணெய்க்கு. வாகனம் வைத்திருந்தவர்களுக்கு அந்த நேரம் எரிபொருள் பங்குக்கான கியூஆர் அட்டை வந்துவிட்டது. விளக்கு வைத்திருந்தவர்களுக்குக் கயிறுதான்.

அதே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனது. தோட்டத்தில் அன்று ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். முழுப்பேர், அதாவது ஒரு நாளுக்குரிய முழு வேலை, போட்டால்தான் அதுவும். அதாவது ஒரு லீற்றர் எண்ணெய்க்கு மூன்றில் ஒரு பங்கு நாள் மலையில் நிற்க வேண்டும்.

அந்தக் கேனுக்குள் வரவேண்டிய எண்ணெயின் கதை நீளமானது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை 1969இல் திறக்கப்பட்டது. ஈரானிய மசகு எண்ணெய்க்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்ட ஆலை அது. 2012இல் ஈரான் மீது அமெரிக்கா தடைகளை இறுக்கியபோது அந்த வரத்து நின்றது. அதற்கு முன் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி 10 இலட்சம் டொலர் கடனும் கொடுக்க வழியில்லாமல் அப்படியே கிடந்தது. 2021 நவம்பரில் டொலர் இல்லாமல் ஆலையையே மூடினார்கள். அடுத்த மாதம் ஈரானுடன் ஓர் உடன்படிக்கை: கடனைத் தேயிலையாகத் தீர்ப்போம், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதிக்கு. ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாய் கிடைக்கும், தேயிலை கப்பலேறும், கடன் குறையும். 2023இல் தேயிலை போகத் தொடங்கியது.

கிலோ ஐந்து டொலர் என்று வைத்தாலும் மாதம் பத்து இலட்சம் கிலோ தேயிலை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 18 கிலோ எடுத்தால் ஒரு பேர் என்றால், ஒருத்தியின் ஒரு நாள் நாலு கிலோ தேயிலை. மாதத்துக்கு இரண்டரை இலட்சம் பேர், அதுவும் ஐம்பது மாதத்துக்கு. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு தென்பகுதிச் சிறுதோட்டக்காரர்களுடையது என்பது உண்மைதான். நான் எங்கள் ஊர்ப் பேரை வைத்து அளந்து பார்க்கிறேன், அவ்வளவே. எப்போதோ எரிந்து புகையாகிப்போன எண்ணெய்க்கு இன்று யாரோ கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்க்கு மாற்று வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மாற்று எங்கள் காலடிக்குக் கீழேயே வந்தது. அதைக் கட்டியதும் ஓர் ஈரானிய நிறுவனம்தான், ஃபராப். வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் இரண்டு அணைகள். அங்கிருந்து மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் சுரங்கம். பிறகு 600 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் குழாய். அடியில், கரந்தகொல்லயில், நிலத்துக்குள் 120 மெகாவாட் மின்நிலையம். இதுதான் உமா ஓயாத் திட்டம். தண்ணீர் அங்கிருந்து வெல்லவாய வழியாக மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குப் போகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 29 கோடி அலகு மின்சாரம் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஓர் அலகுக்குக் கால் லீற்றர் டீசல் என்று வைத்துப் பார்த்தால், ஏழு கோடி லீற்றர் டீசல் கப்பலில் வரவேண்டியதில்லை. இதை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கம் குடையும் இயந்திரம் பாறை வெடிப்பு ஒன்றைத் திறந்துவிட்டது. மலைக்குள் தேங்கியிருந்த நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கொட்டியது. மேலே முதலில் கிணறுகள் இறங்கின. பிறகு பீலிகள் மெலிந்தன. தண்ணீர் போன மண் அமுங்கியதும் சுவர்கள் பிளந்தன. ஹீல்ஓயா, மகுலெல்ல என்று ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான வீடுகள். சுண்டுவிரல் நுழையும் வெடிப்புகளை நான் பார்த்திருக்கிறேன்; ஒரு வீட்டில் அதற்குள் பழைய பத்திரிகையைத் திணித்து மேலே கலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். 2017இல் சுரங்கத்தில் மறுபடியும் நீர் உடைத்தது. அந்த ஜூனில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பாராமல் பண்டாரவளை வீதியில் இறங்கியது. இந்த ஊரில் அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை. பவுசரில் தண்ணீர் வந்தது. எண்ணெய்க்கு முன்னாலேயே நாங்கள் பவுசருக்குக் காத்திருக்கப் பழகிவிட்டோம்.

தடைகளால் இந்தத் திட்டத்துக்கு ஈரான் கொடுத்துவந்த கடனும் பாதியில் நின்றது. மீதிச் செலவைப் பெரும்பாலும் இலங்கையே போட்டு முடித்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திறந்துவைத்தார். ஒரு மாதம் ஆவதற்குள் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துபோனார்.

தண்ணீரில் மின்சாரம் எடுப்பது மலைநாட்டுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஓடை இருந்த தோட்டங்களில் இஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே சின்ன டர்பைன் சுற்றியது. குன்றை உடைக்காமல், ஊற்றை நகர்த்தாமல், ஒரு வாய்க்காலும் ஒரு குழாயும் போதுமாயிருந்தது. தேசிய மின்கம்பி வந்ததும் பலவற்றைக் கைவிட்டார்கள். இயந்திரம் துருவேறியது, வாய்க்காலில் புல் மண்டியது. உமா ஓயாவுக்குக் கொட்டிய 50 கோடிக்கும் மேற்பட்ட டொலரில் ஒரு துண்டை எடுத்து அந்த வாய்க்கால்களைத் தூர்வாரியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மெகாவாட் கணக்கில் அது சில்லறைதான். ஆனால் அதற்காக யாருடைய கிணறும் வற்றியிருக்காது.

இஸ்டோரில் மின்சாரத்தைவிடப் பெரிய பசி சூட்டுக்கு. கொழுந்தை வாட்டவும் உருட்டிய இலையைக் காயவைக்கவும் சூடான காற்று வேண்டும். ஒரு காலத்தில் பல இஸ்டோர்கள் உலை எண்ணெயில் ஓடின. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு விறகுக்குத் திரும்பின. உலகம் மாற்று எரிபொருள் என்று மாநாடு கூட்டுவதற்கு வெகு முன்பே எங்கள் உலைக்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார். ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ விறகு. ஆக, ஈரானுக்குப் போகும் எண்ணெய்க்கடன் தேயிலையும் விறகை எரித்துக் காய்ந்ததுதான்.

சூரிய ஒளி இருக்கிறதே என்பார்கள். 2016இல் அரசு கூரைக்குக் கூரை சோலார் என்று திட்டம் போட்டது. நல்ல திட்டம், கூரை தன்னுடையதாக இருப்பவருக்கு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரம் தோட்டத்துடையது. ஆறு காம்பராவுக்கு ஒரே நீளக் கூரை. அதில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும்.

கயிறு பிடித்திருந்த அம்மாவைப் போன மாதம் தற்செயலாகச் சந்தையில் கண்டேன். என்னை நினைவில்லை; கேன் வரிசையைச் சொன்னதும் சிரித்தார். லயத்துக்கு வரச்சொல்லிச் சாயத் தேநீர் ஊற்றித் தந்தார். இப்போது பல்பு எரிகிறது. கேஸ் சிலிண்டர் மூலையில், மேலே ஒரு துணி விரித்து, பேரப்பிள்ளையின் புத்தகப்பையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து இழுத்துவந்த தேயிலைக் குச்சிகள், கை நீளத்துக்கு ஒடித்து, புகைபிடித்துக் கறுத்த பரணில் அடுக்கியிருந்தன. எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன்.

“இந்த மாசம் ஓடும் தம்பி. நம்ம மலையில இனிக் கவ்வாத்து விழ மூணு வருசம் இருக்கு” என்று சொல்லி இன்னொரு குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தார்.