நட்சத்திரங்கள் பிறக்கும் முகில்கள்



வானத்தில் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாம் ஆதியில் ஒரே தடவையில் தோன்றி, அன்றிலிருந்து அப்படியே இருப்பவை என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவிடுகின்றோம். உண்மை அதுவல்ல. நட்சத்திரங்கள் இன்றும் பிறந்துகொண்டே இருக்கின்றன. நமது சூரியன் இருக்கும் பால்வீதியில் மட்டும் வருடமொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு சூரியன்களின் நிறையளவு வாயு புதிய நட்சத்திரங்களாக மாறுகின்றது.

அந்த வாயுவில் பெரும்பகுதி ஐதரசன். சூடான வாயு இலகுவில் திரளாது. அது ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழே 260 பாகை வரை குளிர்ந்து, அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறுகளாகி, பெரும் முகிலாகத் திரள வேண்டும். அதன் பின்னரே முகிலின் சில பகுதிகள் தமது சொந்தப் பாரத்தினால் உள்நோக்கிச் சரிந்து, நடுவில் சூடேறி, நட்சத்திரமாகச் சுடர்விடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். இவ்வளவு குளிரில் ஐதரசன் மூலக்கூறு எந்தக் கதிரையும் வீசுவதில்லை என்றே சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? பக்கத்து வீட்டுப் பானையில் என்ன வேகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ரம்பை மணம் வந்தால் சோறு என்று அறிந்துகொள்கிறீர்கள் அல்லவா? ரம்பை சிறிதுதான், சோறுதான் அதிகம். அதேபோல் இம்முகில்களில் பத்தாயிரம் ஐதரசன் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் காபனோரொட்சைட்டு கலந்திருக்கின்றது. அது 2.6 மில்லிமீற்றர் நீளமுள்ள வானொலி அலையை வீசுகின்றது. 1970இல் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்த தொலைநோக்கியைக் கொண்டு வில்சன், ஜெபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய மூவரும் ஓரியன் முகிலில் அந்த அலையை முதன்முதலில் கண்டறிந்தார்கள். ஆனால் இக்கணக்கு எங்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. காபனும் ஒட்சிசனும் குறைந்த சிறிய மண்டலங்களில் ஐதரசன் நிறைய இருந்தாலும் மணம் வராது!

இந்த வழியில் ஏராளமான அயல் மண்டலங்களை அளந்தவர் ஒரு பெண்மணி என்பதை நீங்கள் அறிய வேண்டும். அவர் ஜூடித் யங். அவருடைய தாயார் புகழ்பெற்ற வானியலாளர் வேரா ரூபின். வேரா மேற்படிப்புக்காகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் விபரக்கொத்தைக் கேட்டு எழுதியபோது, பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் அது அனுப்பப்படவே இல்லை. பின்னர் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தின் இரவு வகுப்புகளுக்குக் கணவர் காரில் கொண்டுபோய் விட, பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, 1954இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது ஜூடித் சின்னஞ்சிறு பிள்ளை. வேராவின் நான்கு பிள்ளைகளும் கலாநிதிகளானார்கள். ஒரு பெண் படிப்பதற்கு வீட்டார் எல்லோரும் கைகொடுத்ததன் பலன் எவ்வளவு தூரம் போயிருக்கின்றது என்று பாருங்கள். மகள் ஜூடித் தம் குழுவினரோடு 14 மீற்றர் தொலைநோக்கியொன்றைக் கொண்டு 300 மண்டலங்களை ஆராய்ந்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டார்.

பின்னர் வந்த கருவிகள் இன்னும் கூர்மையானவை. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில், 5,000 மீற்றர் உயரத்தில், 66 அலைவாங்கிகளைக் கொண்ட அல்மா நிலையம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் துணையோடு ஃபாங்ஸ் என்ற ஆய்வுக் குழு, 90 அயல் மண்டலங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முகில்களைத் தனித்தனியே இனங்கண்டது. அக்குழுவை வழிநடத்தியவரும் ஒரு பெண்தான், ஜேர்மனியின் ஈவா ஷின்னரர். ஒரு முகிலின் ஆயுள் ஒன்று முதல் மூன்று கோடி வருடங்கள் மட்டுமே என்று தெரியவந்தது. விண்வெளிக் கணக்கில் இது அற்ப காலம். அதற்குள் முகிலின் வாயுவில் நூற்றுக்குச் சில பங்குதான் நட்சத்திரமாகின்றது. புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்களின் வெப்பமும் காற்றும் தம்மைப் பெற்ற முகிலையே கலைத்துவிடுகின்றன.

வீட்டுச் செலவுக் கணக்குப் பார்க்கும் உங்களுக்கு அடுத்த விடயம் உடனே விளங்கும். இத்தகைய மண்டலங்களில் இருக்கும் மூலக்கூற்று வாயுவை, இப்போது செலவாகும் வேகத்தால் வகுத்துப் பார்த்தால், கையிருப்பு ஏறத்தாழ 200 கோடி வருடங்களுக்கே போதும். ஆனால் மண்டலங்களின் வயதோ 1,000 கோடி வருடங்களுக்கும் மேல்! அப்படியானால் அரிசிப் பெட்டி காலியாகாமல் எங்கிருந்தோ நிரம்பிக்கொண்டிருக்க வேண்டும். முதுமையடையும் நட்சத்திரங்கள் தம் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றன. வெளியிலிருந்தும் புதிய வாயு வந்து விழுகின்றது. வரவு நின்றுபோன மண்டலங்களும் உண்டு. அங்கே பழைய, செந்நிற நட்சத்திரங்களே மிஞ்சியிருக்கின்றன. நமது உடலிலுள்ள இரும்பும் கல்சியமும் சூரியனுக்கு முன் வாழ்ந்த நட்சத்திரங்களில் உருவானவை. அவ்வாறு திரும்பி வந்த வாயு இல்லாவிட்டால் இந்தப் பூமியும் இருந்திராது.

இம்மண்டலங்களில் ஒன்றை நீங்களே வெறுங்கண்ணால் பார்க்கலாம். பாரசீகத்து அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, கி.பி. 964 அளவில் எழுதிய நட்சத்திர நூலில் ‘சிறு முகில்’ என்று குறித்துவைத்தது அதைத்தான். இன்று அதன் பெயர் அந்திரமேடா, தூரம் 25 இலட்சம் ஒளியாண்டுகள். அதன் குளிர் முகில்களும் இளம் நட்சத்திரங்களும் பெரும்பாலும் நடுவை விட்டு விலகிய ஒரு வளையத்திலேயே இருக்கின்றன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரவு எட்டு, ஒன்பது மணியளவில் வட வானில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். தெரு வெளிச்சம் படாத இடமாக இருக்க வேண்டும். நமக்கு அது மாரிக்காலம் என்பதால், நம்முடைய முகில்களும் சற்று விலகித் தர வேண்டும்.