பொழுது சொல்லும் பெயர்

2014 ஜூன் மாதம், பொலிவியாவின் லா பாஸ் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்புக் கடிகாரம் இடஞ்சுழியாக ஓடத் தொடங்கியது. பழுது ஏதுமில்லை, எண்களைத் திருப்பி எழுதி, முட்களையும் அந்தப் பக்கமே ஓடவிட்டது அரசுதான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகர்கிறது, வடக்கத்தியர் வகுத்த திசைக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது அப்போதைய வெளியுறவு அமைச்சர் டேவிட் சோக்கேவாங்காவின் வாதம். எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. அரசோ அதைத் 'தெற்கின் ரெலோஹ்' என்று பெருமையாக அழைத்தது.

'ரெலோஹ்' என்பது ஸ்பானிஷ் சொல். கடைசி 'ஹ்' தொண்டையில் உரசி வர வேண்டும். பேச்சில் பலர் அதை விழுங்கி 'ரெலோ' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் கையில் கட்டினால் வாட்ச், சுவரில் மாட்டினால் கிளாக். ஸ்பானிஷில் இரண்டும் ரெலோஹ்தான்.

கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் பொழுது. 'லெகெய்ன்' என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்து லத்தீனில் 'ஹோரோலோகியம்' ஆயிற்று. அது கட்டலன் மொழியில் தலையெழுத்தை இழந்து 'ரெலோட்ஜெ' ஆகி, ஸ்பானிஷுக்குள் நுழைந்தது. அதே 'ஹோரா' வேறு வழியாக இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'ஹோரா', நம் ஜோதிடர்கள் வாயில் 'ஓரை'. சுக்கிர ஓரை பார்ப்பவர் கையில் ரெலோஹின் பாதி இருக்கிறது!

இந்தப் பெயர் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, அது செய்யும் வேலையைக் குறிக்கிறது. ஆங்கில 'கிளாக்'கின் மூலம் மணியோசை. நம்முடைய 'மணி'யும் அப்படியே. ரெலோஹுக்கு ஓசை தேவையில்லை. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுக்கச் செய்த வானியல் நூல்களில் கல்லில் விழும் நிழல், தண்ணீர், பாதரசம், மெழுகுவர்த்தி ஆகியவற்றால் நேரம் காட்டும் கருவிகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய ஸ்பானிஷில் அவை எல்லாமே 'ரெலோஹியோ'. மணற்கடிகாரம் இன்றும் 'மணல் ரெலோஹ்'. பின்னால் வந்த எடைக்குண்டுக் கடிகாரம் ஒரு தடயத்தை விட்டுப்போனது: நாம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம், ஸ்பானியர்கள் 'கயிறு' கொடுக்கிறார்கள்.

ஆக, லா பாஸ் வழக்கில் சொல்லின் வரலாறு அமைச்சர் பக்கமே சாய்கிறது. முட்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நிழல் ரெலோஹாக இருந்தது. இன்றைய வழக்கு அவருக்கு எதிர்ச்சாட்சி. ஸ்பானிஷில் வலஞ்சுழி என்பதைச் சொல்ல, 'ரெலோஹின் ஊசிகள் போகும் திசையில்' என்பார்கள். லா பாஸிலும் அப்படித்தான்.