இரவில் மூச்சு வாங்கும் கழி

ஆகஸ்டில் காற்றே இல்லாமல் நான்கைந்து நாள் நல்ல வெயில் அடித்தால் டென்மார்க்கில் பெரும்பாலோருக்குக் கொண்டாட்டம். ஸ்கீவ பகுதியில் மட்டி அள்ளிப் பிழைப்பவர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும்.

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தின் வடக்கே குறுக்காகக் கிடக்கும் லிம்ஃபியோர்ட் என்ற கடற்கழியின் தெற்குக் கிளை ஒன்றின் கரையில் இருக்கிறது ஸ்கீவ. கழியின் சராசரி ஆழம் சுமார் 5 மீட்டர்தான். பகலில் மேல்நீர் சூடேறி, எடை குறைந்து, மேலேயே தங்கிவிடுகிறது. இரவில் அது ஆறி, கனத்துக் கீழே இறங்குகிறது. அடிநீர் மேலே வருகிறது. இந்தப் புரளலிலும் காற்றின் அலைப்பிலும்தான் ஆக்சிஜன் அடித்தரை வரை போய்ச் சேர்கிறது.

ஆனால் ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணிக்கு மேலாகிவிடும். மறுபடி உதிக்கும் வரை சுமார் 6 மணி நேரம்தான். அதற்குள் நீர் எவ்வளவு ஆறும்? போதாக்குறைக்கு உப்பு வேறு. 1825 பிப்ரவரிப் புயலில் வடகடல் மேற்கு மணல்திட்டை உடைத்து உள்ளே புகுந்தது. அன்றிலிருந்து கனத்த உப்புநீர் அடியிலும், ஆற்றுநீர் கலந்த இலேசான நீர் மேலேயும் அடுக்காக நிற்பது எளிதாகிவிட்டது. வெப்பமும் சேர்ந்து அந்த அடுக்கைப் பலப்படுத்தும்போது, காற்று வீசாத இரவின் குளிர் மட்டும் அதைக் கலைத்துவிடாது.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும். 25 டிகிரியில் 8 சொச்சம்தான். அதே சூட்டில் மீனுக்கும் நுண்ணுயிருக்கும் தேவை கூடுகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டியதும் தானும் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டேனிஷ் கண்காணிப்பில் அது ‘ஆக்சிஜன் பற்றாக்குறை’. 2-க்குக் கீழே ‘கடும் பற்றாக்குறை’.

அப்போது மீன்கள் கரையோர ஆழமற்ற நீருக்கு ஓடிவரும். மட்டி ஓடாது. ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். பிறகு ஓடு திறந்துகொள்ளும், சேற்றின் மேல் வெள்ளைப் படலமாகக் கந்தக பாக்டீரியா படரும், அழுகிய முட்டை நாற்றம் எழும். இப்படித்தான் 1997 ஆகஸ்டில் ஜட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள மாரியாகர் ஃபியோர்டில் ஆக்சிஜன் அடியோடு தீர்ந்துபோனது.

ஸ்கீவயில் கழியோடு சேரும் கரூப் ஆற்றின் கதை வேறு. மணல் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் குளிர்ந்த நீர் அதற்குக் கோடையிலும் கிடைப்பதால், அதன் வெப்பம் அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. பெரிய கடல் டிரவுட் மீன்கள் கோடை இரவுகளில் அதில் ஏறிவருகின்றன. தூண்டில்காரர்களும் இருட்டில்தான் காத்திருக்கிறார்கள்.

பழியை வெயில் மேல் மட்டும் போட முடியாது. வயல் உரமும் பன்றிப்பண்ணைச் சாணக்கரைசலும் தரும் நைட்ரஜன்தான் பாசியைக் கொழுக்க வைக்கிறது. அதைக் குறைக்க 1987-லேயே டென்மார்க் திட்டம் போட்டது. வேலை இன்னும் முடியவில்லை. வெயிலை நாம் குறைக்க முடியாது, உரத்தைக் குறைக்கலாம்.

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைக்காரர்கள் இரவெல்லாம் ஏரேட்டரை ஓடவிடுவது ஏன் என்று இப்போது புரியும். உங்கள் ஊர் ஏரியில் மீன் செத்து மிதந்தால், நண்பகலில் எடுத்த அளவைக் காட்டி ‘ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். விடியற்காலை 5 மணிக்கு அளக்கச் சொல்லுங்கள்.