டயர் மெருகு: பளபளப்பும் பாதுகாப்பும்

கொச்சி காக்கநாட்டின் சீபோர்ட்–ஏர்போர்ட் சாலையில் நாள்தோறும் செல்லும் கார்கள் கடும் வெயிலையும், ஜூனில் தொடங்கும் பருவமழையையும் மாறி மாறித் தாங்குகின்றன. நாளடைவில் டயரின் பக்கச்சுவர் பழுப்பேறுகிறது. இது பழுதன்று. ரப்பரில் வெடிப்பு விழாதிருக்கச் சேர்க்கப்பட்ட காப்புப் பொருள் மேற்பரப்புக்கு வந்து, காற்றுப்பட்டு நிறம் மாறுவதே காரணம்.

மெருகுத் திரவங்கள் இருவகை. பெட்ரோலியக் கரைப்பான் கலந்தவை மிகுதியாகப் பளபளக்கும். மழையிலும் எளிதில் கரையா. ஆயினும் தொடர்ந்து பூசினால் ரப்பரை உலரச் செய்யக்கூடும். நீர் கலந்த, பால் போன்ற திரவம் விரைவில் கரைந்தாலும் ரப்பருக்கு இதமானது. அதையே தேர்ந்தெடுப்பது நன்று.

பூசும் முறை:

1. வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் குளிர்ந்தபின் ஷாம்பூவும் பிரஷும் கொண்டு பழுப்பு நுரை வெளுக்கும்வரை தேய்த்துக் கழுவுக.
2. ஈரம் முற்றிலும் உலர்ந்தபின், பஞ்சில் சிறிதளவு திரவம் எடுத்துப் பக்கச்சுவரில் மட்டும் மெல்லியதாகப் பூசுக.
3. கால் மணி நேரம் கழித்து, மிகுதியைத் துணியால் துடைத்தெடுக்க. இல்லையேல் வண்டி ஓடுகையில் அது பெயின்ட்டின் மீது தெறிக்கும்.

சாலையைத் தொடும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் திரவம் படலாகாது, பிடிமானம் குறையும். வளைவில் டயரின் ஓரமே சாலையைப் பற்றுவதால், இருசக்கர வாகனங்களுக்கு இதனை அறவே தவிர்க்க.

பூசுமுன் வெடிப்பு, புடைப்பு உள்ளனவா எனப் பார்க்க. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றுக. பழைய கார் வாங்குவோர் பளபளப்பை நம்பாமல், பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைக் காண்க: 2322 எனில், 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர்.